அம்பத்தூரில் அச்சடித்த காக்பிட்

நான் ஓட்டுவது பெரிய விமானம் இல்லை. எழுபது பேர் உட்காரும், இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம். சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி, விஜயவாடா என்று போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடும். அதில் வலது பக்க நாற்காலி என்னுடையது. துணை விமானி. ஏழு வருடம் அதிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொத்தான் எங்கே என்று சொல்லும் அளவுக்குப் பழகியிருந்த சமயத்தில் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே விமானத்தின் புது ரகம் வரப்போகிறது, பழைய ரகம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் டிஃபரன்சஸ் ட்ரெய்னிங் முடிக்க வேண்டும்.

என் கணவர் அதைப் படித்துவிட்டு, வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே அந்த மாதிரியா என்று கேட்டார். அவர் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருப்பவர். வித்தியாசம் என்றாலே சந்தோஷம்.

இந்தச் சட்டம் வெளியாட்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். இறக்கை அதேதான். வால் அதேதான். கழிப்பறைக் கதவு சரியாகச் சாத்தாதது உட்பட எல்லாம் அதேதான். ஆனால் எங்களுக்கு முன்னால் இருக்கும் சுவர் மாறிவிட்டது. பழையதில் கடிகாரக் கடை மாதிரி வட்ட வட்டமாக முட்கள் இருக்கும். புதியதில் ஐந்து பெரிய திரைகள். கார் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் போய்விடுவோம். விமானத்துக்கு அப்படிக் கிடையாது. முதலில் கம்ப்யூட்டர் பாடம், பிறகு வகுப்பு, பிறகு பரீட்சை, பிறகு சிமுலேட்டர் என்கிற பொய் விமானத்தில் இரண்டு நாள், பிறகு நிஜ விமானத்தில் பயிற்சி கேப்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில பயணங்கள். எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்த பிறகுதான் அதே விமானத்தை அதே நாற்காலியிலிருந்து நாம் ஓட்டலாம்.

திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் இதைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "ஏதாவது தப்புப் பண்ணிட்டியாடி?" என்று கேட்டாள். இத்தனை வருடம் ஓட்டியவளை மறுபடியும் படிக்க அனுப்புகிறார்கள் என்றால் அதுதானே அர்த்தம். நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, சொந்தக்காரர்களிடம் எனக்குப் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வாழ்த்து வந்துகொண்டிருந்தது. நானும் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

வகுப்பும் பரீட்சையும் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. சிமுலேட்டர்தான் கவலை. அங்கே மூளை வேலை செய்தால் போதாது, கை வேலை செய்ய வேண்டும். அதற்கு விமானிகள் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. காக்பிட்டின் படத்தைச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுத் தொட்டுப் பழகுவார்கள். கம்பெனி படத்தைக் கோப்பாக அனுப்பியிருந்தது. வீட்டுப் பிரிண்டரில் எடுத்தால் கைக்குட்டை அளவுக்கு வந்தது. அதில் விரலை வைத்தால் ஒரே சமயத்தில் நாலு பொத்தான் அமுங்கும். நிஜ அளவில் வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ்தான் அடிக்க வேண்டும்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. போனபோது ஒரு காதணி விழாவும் ஒரு கண்ணீர் அஞ்சலியும் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரை விட்டுத் தலையை எடுக்காமல் என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷம் எதுவும் இல்லை, இந்தப் படங்களை இதே அளவில் அடித்துக் கொடுத்தால் போதும் என்று வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு படம். ஒன்று எதிரே இருக்கும் சுவர், இன்னொன்று தலைக்கு மேலே இருக்கும் பொத்தான் பலகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் முகம் வாடிப்போனது.

"இன்னாக்கா இது, வெறும் பொட்டி பொட்டியா கீது. யாரு நின்னு பாப்பாங்க?"

யாரும் பார்க்க வேண்டாம், நான் மட்டும் பார்த்தால் போதும் என்றேன். விமானம் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு டீ வந்தது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

சாயங்காலம் போனால் திரையில் டிசைன் தயாராக இருந்தது. எதிர்ச்சுவரின் மேல்பாதி முழுக்க மேகம். மேகத்துக்கு நடுவே வேறு ஏதோ நாலு எஞ்சின் விமானம். அதற்குப் பக்கத்தில், என் வாட்ஸாப் படத்திலிருந்து எடுத்து வெட்டி ஒட்டிய நான், சீருடையில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்துடன். கீழே தங்க நிற எழுத்தில் 'வானத்தை ஆள வரும் அக்காவே வருக வருக'. காக்பிட் ஒரு ஓரத்தில், அமைச்சர் படத்துக்குக் கீழே வட்டச் செயலாளர் படம் போடுவார்களே, அந்த அளவில் இருந்தது.

அதை எடுக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒளிவட்டத்தை உடனே விட்டுக் கொடுத்தார். மேகத்துக்கு வாதாடினார். கடைசியில் எல்லாம் போய், படம் மட்டும் நின்றபோது எனக்கு இருந்த நிம்மதியில் வேறெதையும் உற்றுப் பார்க்கத் தோன்றவில்லை. எதிர்ச்சுவரில் என் முகம் இல்லையே, அது போதும். அடிக்கச் சொன்னேன். இரண்டு செட்.

இரண்டாவது செட் கேப்டனுக்கு. சிமுலேட்டரில் இடது நாற்காலியில் என்னோடு உட்காரப் போகிறவர். பூந்தமல்லியில் துணி வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து வந்து, நூம்பலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் வட்ட முட்களைப் பார்த்தே பறந்தவர். மகளுடைய போனில் படம் பார்க்கவே கண்ணாடி தேடுவார். ஃப்ளெக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விரித்துப் பார்த்து, "அல்லாஹ், இவ்வளவு டிவியாம்மா" என்றார். அன்றே மாடி அறையில் ஆணி அடித்து மாட்டிவிட்டதாக போனில் சொன்னார்.

எங்கள் வீட்டில் சுவர்தான் இல்லை. திருமுல்லைவாயிலில் ஐந்தாவது மாடி, இரண்டு படுக்கையறை. ஒரு அறையில் கணவர் நாளெல்லாம் மீட்டிங்கில் இருப்பார். இன்னொன்றில் அலமாரி. மிச்சம் இருந்தது பால்கனி. எதிர்ச்சுவர் படத்தை பால்கனிச் சுவரில் மாட்டினோம். மேல் பலகையை எங்கே மாட்டுவது என்று யோசித்தபோது கணவர் துணி காயப்போடும் கம்பியைக் காட்டினார். மேலே கப்பி வைத்துக் கயிறு இழுத்தால் ஏறி இறங்குமே, அது. அதில் ஃப்ளெக்ஸைக் கட்டித் தலைக்கு மேல் வேண்டிய உயரத்துக்கு இறக்கிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் கம்பெனி வகுப்பறையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. துவைத்த துணியை மட்டும் நாலு நாள் சோபாவில் காயப்போட்டோம்.

தினமும் மாலை ஆறு மணிக்கு இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்காருவோம். கணவர் கேப்டன். புத்தகத்தைப் பார்த்துப் பட்டியலை வாசிப்பார். நான் தொட்டுப் பதில் சொல்வேன். முதல் நாள் வேண்டாவெறுப்பாக வந்தவர் இரண்டாம் நாளே குரலை மாற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் தோளில் பட்டை இல்லாத குறைதான். "இடது எஞ்சின் தீ" என்று அவர் அறிவிக்கிற கம்பீரத்தில் எதிர் பிளாக்கில் ஜன்னல் திறக்கும்.

நான் அதிகம் பழகியது ஒரு குமிழைத்தான். புது ரகத்தில் ஐந்து திரை இருப்பதால், ஒன்று அணைந்து போனால் அதிலிருக்கும் படத்தைப் பக்கத்துத் திரைக்கு மாற்ற ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். பழைய ரகத்தில் அது கிடையாது. அதனாலேயே சிமுலேட்டரில் அதை நிச்சயம் கேட்பார்கள். மேல் பலகையில், நடுவுக்குச் சற்று வலப்பக்கம். கணவர் "திரை போச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கை பார்க்காமலே அங்கே போய்விடும். சமையலறையில் தோசை திருப்பும்போது அவர் திடீரென்று சொல்லிப் பார்த்தார். கை புகைபோக்கி வரைக்கும் போனது.

நாலாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நேரடியாக எதையும் கேட்க மாட்டார். தண்ணீர் லாரி பற்றிக் கொஞ்சம் பேசினார். லிஃப்ட் பற்றிப் பேசினார். பிறகு, தினமும் சாயங்காலம் நீங்கள் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கையை மேலே தூக்கி, தீ தீ என்று சொல்வதாக எதிர் பிளாக்கில் பேசிக்கொள்கிறார்கள், யோகா என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, வேறு ஏதாவது வழிபாடு என்றால் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றார். பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு இடது நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

சிமுலேட்டர் ஐதராபாத்தில். பயிற்சியாளர் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், வடக்கத்திக்காரர். லேசில் சிரிக்காதவர். சாதாரணமாகக் கிளப்பினோம், சாதாரணமாக ஏறினோம். திரைகளுக்கு கேப்டன் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் பழகிவிட்டார். எனக்கும் தைரியம் வந்தது. ஆகாயம் தெளிவாக இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கேப்டனுக்கு எதிரே இருந்த திரை கறுப்பாகிப் போனது.

எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி நடந்தது. கேப்டன் பதறவில்லை. விமானத்தை என்னிடம் ஒப்படைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் கை, பார்க்காமலே, மேலே போய்க் குமிழைத் திருகியது.

வைப்பர் ஓட ஆரம்பித்தது.

வெயிலில் காய்ந்த கண்ணாடி மேல் கடக் கடக் என்று அது போய்ப் போய் வந்தது. பாவம், வயதானவர், பதற்றத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் குரலில் இருந்த பெருந்தன்மையை இப்போது நினைத்தால் கூசுகிறது. "கேப்டன், அது வைப்பர். விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எதிரே பார்த்தபடியே இடது கையைத் தூக்கி, நாலு நாள் பழகிய இடத்தில் இருந்த குமிழை அழுத்தமாக இன்னொரு சுற்று திருகினேன்.

வைப்பர் வேகமாக ஓட ஆரம்பித்தது.

பயிற்சியாளர் சிமுலேட்டரை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த மலை நின்றது, விமானம் நின்றது. வைப்பர் மட்டும் நிற்கவில்லை. அவரே எழுந்து வந்து கை நீட்டி அதை அணைத்தார். திரை மாற்றும் குமிழ் மேல் பலகையின் வலது ஓரத்தில், நாங்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்காத இடத்தில் இருந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. அதைவிட மோசம், நோட்டை எடுத்தார். ஒருவர் தப்புச் செய்தால் அது கவனக்குறைவு என்றார். தனித்தனி வீட்டில் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் அச்சு அசலாக ஒரே தப்பை, அதுவும் இவ்வளவு நம்பிக்கையோடு செய்தால், அவர்கள் படித்த ஆவணத்தில் பிழை இருக்கிறது. மற்ற விமானிகளும் அதையே படித்துக்கொண்டிருக்கலாம். உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் புத்தகம், எத்தனையாவது பதிப்பு?

நான் கேப்டனைப் பார்த்தேன். கேப்டன் அணைந்து போன தன் திரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அம்பத்தூர் என்றேன்.

தேநீர் இடைவேளையில் கடைக்காரரை போனில் கூப்பிட்டேன். பயிற்சியாளர் தானும் கேட்க வேண்டும் என்றதால் ஒலிபெருக்கியில் போட்டேன். கேப்டன் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பேனரில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, ஒன்றையும் மாற்றவில்லை, நீங்கள் சொன்னபடி மேகத்தைக்கூட எடுத்துவிட்டேனே என்றார் கடைக்காரர். வலது ஓரத்தில் ஒரு குமிழ் இருந்ததே என்று நினைவுபடுத்தினேன்.

"ஆமாக்கா, அதுவா. ஓரம் மடிச்சி ரீப்பர் கட்டை அடிக்கறதுல அந்தப் பொட்டி உள்ள போய்டும்க்கா. பாத்தா முக்கியமான ஐட்டமா தெரிஞ்சிது. அதான் தூக்கி உள்ள வச்சிட்டு, அங்க இருந்தத ஓரத்துல தள்ளிட்டேன்."

"அங்க என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா. வைப்பர். அது எங்க இருந்தா இன்னா, வண்டி ஓட்டறவங்களுக்குத் தெரியாதா?"

கேப்டன் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பயிற்சியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. எடுத்த குறிப்பை அடித்துவிட்டு, ஒரு விஷயத்தில் அந்தக் கடைக்காரர் சொன்னது சரி என்றார். அது முக்கியமான ஐட்டம்தான்.

கற்றுக்கொள்வதற்கு நாலு நாள் ஆனதை மறப்பதற்கு ஒரு சாயங்காலம்தான் இருந்தது. தங்கியிருந்த ஓட்டலின் உணவறையில் மேஜை மேல் புத்தகத்துப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேப்டனும் நானும் உட்கார்ந்தோம். அவர் உப்பு டப்பாவை ஓரத்தில் வைத்தார். அது திரைக் குமிழ். மிளகு டப்பா உள்ளே. அது வைப்பர். மாறி மாறி ஒருவருக்கொருவர் "திரை போச்சு" என்று சொல்லி, பார்க்காமல் கை வைத்தோம். என் கை பத்தில் ஏழு தடவை மிளகுக்கே போனது. பரிமாறுகிறவர் வந்து சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கேட்டார். கேப்டன் அவரிடம், குறை எங்களிடம்தான் என்றார். இருபது வருடத்தில் இவ்வளவு சிரித்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை என்று எழுந்திருக்கும்போது சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பற்றிய பயம்தான் இருந்தது. நம் கை நமக்குத் தெரியாமல் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கும் என்பது நினைக்க நினைக்க நன்றாக இல்லை. பழைய ரகத்தை ஏழு வருடம் ஓட்டிய கை இன்னும் என்னென்ன நம்பிக்கொண்டிருக்கிறதோ. இந்தப் பயிற்சியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் ஐந்து காரணம் எழுதிப் பரீட்சை தேறியிருந்தேன். காரணம் புரிந்தது அந்த மேஜையில்தான்.

மறுநாள் திரை அணைந்ததும் கேப்டன் தலையை நிமிர்த்தி, மேல் பலகையைக் கண்ணால் பார்த்து, ஓரத்துக் குமிழை விரலால் தொட்டு, "இதானே?" என்று என்னைக் கேட்டுவிட்டுத் திருகினார். படம் பக்கத்துத் திரைக்கு வந்தது. பயிற்சியாளர் அதைக் குறித்துக்கொண்டார். இறங்கும் நேரத்தில் மழையைக் கொட்டவிட்டார். முன்னால் ஓடுபாதை விளக்குகள் எல்லாம் கரைந்து ஒழுகின. எனக்கும் தெரிகிறது, கேப்டனுக்கும் தெரிகிறது, இப்போது எதைப் போட வேண்டும் என்று. இரண்டு பேர் கையும் மடியை விட்டு எழவில்லை. கொஞ்ச நேரம் குளத்துக்குள்ளிருந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து பயிற்சியாளர் மிகவும் மரியாதையாக, இப்போது போடலாம் என்றார்.

இரண்டு பேரும் தேறினோம். படிவத்தில் அவர் எழுதிய குறிப்பில் அம்பத்தூர் இல்லை. 'வீட்டில் பயிற்சி செய்யும் ஆர்வம் பாராட்டத்தக்கது' என்று இருந்தது.

அதன் பிறகு நிஜ விமானத்தில் பயிற்சி கேப்டனோடு பறக்க வேண்டியது. நூம்பல் கேப்டன் ஒரு வாரம் முன்னால் தொடங்கினார், நான் பின்னால். புது விமானத்தில் புதுக் காரின் வாசனை அடித்தது. முதல் பயணம் தூத்துக்குடிக்கு. ஏறும்போது என் கண் வேகத்தைப் பார்க்கப் பழைய வட்டம் இருந்த இடத்துக்கே இரண்டு முறை போய்த் திரும்பி வந்தது. பயிற்சி கேப்டன் கவனித்தார், எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்தில் உப்பளங்கள் சதுரம் சதுரமாக மின்னின. இறக்கியது நான்தான். ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் சக்கரம் தரையைத் தொட்டது. அவர் என் பயிற்சிப் புத்தகத்தில் அன்றைக்குரிய கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இன்னும் சில கட்டங்கள் பாக்கி.

பயணிகள் இறங்கும்போது காக்பிட் கதவைத் திறந்து வைத்து நின்றேன். கடைசியாக வந்த பெரியவர் கையில் ஒரு துணிப் பையோடு நின்று, டிக்கெட் போட்ட பையன் இது புது விமானம் என்று சொன்னானே, உண்மையா என்று கேட்டார். ஆமாம் சார், புது ரகம் என்றேன். பழையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றார்.

எனக்குள் ஐந்து திரையும், வகுப்பும், பரீட்சையும், கம்ப்யூட்டர் பாடமும் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. அவருக்குப் பின்னால் துப்புரவு செய்கிறவர்கள் ஏறக் காத்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது சார், முன்னால் எங்களுக்குத்தான் என்றேன்.

அவர் திரும்பி ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஜன்னல் அதேதான்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.